வரலாறு படிப்பவர்களுக்கான பரிசுகளும் உதவித்தொகைகளும்: பி.ஏ. முதல் பிஎச்டி வரை முழுமையான வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் எம்.ஏ. முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "இதுவரை ஏதாவது உதவித்தொகைக்கோ பரிசுக்கோ நீங்களாகத் தேடிப்போய் விண்ணப்பித்தவர்கள் கை தூக்குங்கள்." முப்பது பேர் இருந்தால் இரண்டு கை எழும். மற்றவர்களுக்குக் கல்லூரி அலுவலகம் படிவம் கொடுத்துப் பூர்த்தி செய்யச் சொன்னது மட்டும்தான் தெரியும். "வரலாற்றுக்கெல்லாம் யார் சார் பணம் தருவாங்க?" என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

அவன் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது. பொறியியல் மாணவர்களைத் தேடிவரும் நிறுவனங்கள் நம் துறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில், பிஎச்டி ஆய்வுக்கான இளநிலை உதவித்தொகையான ஜேஆர்எஃப் பெறும் வரலாற்று மாணவருக்கு ஐந்தாண்டில் கிடைக்கும் தொகை, வீட்டு வாடகைப்படி நீங்கலாகவே 24 லட்சம் ரூபாய். இயற்பியல் மாணவருக்கும் இதே தொகைதான். பணம் இருக்கிறது. அது பல இடங்களில் பல பெயர்களில் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். பெரும்பகுதி பிஎச்டி கட்டத்தில் இருந்தாலும், அதைப் பெறுகிறவர்கள் பி.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே சின்னதாக எதையோ தொடங்கியவர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன். தமிழ்நாட்டில் படிக்கும் மாணவரை மனதில் வைத்து எழுதுகிறேன். தொகைகளும் கடைசித் தேதிகளும் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை ஒரு முறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

படி 1: பெயரைச் சரிசெய்யுங்கள்

உதவித்தொகை விண்ணப்பம் கட்டுரை எழுதுவதில் தொடங்குவதில்லை, இனிஷியலில் தொடங்குகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செல்வி மு', ஆதாரில் 'மு செல்வி', வங்கிக் கணக்கில் 'செல்வி முருகன்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். டெல்லியில் உருவாக்கிய இணையப் படிவங்கள் குடும்பப் பெயரைக் கேட்கும்போது நம் பிள்ளைகள் அப்பா பெயரைப் போடுவார்கள், சிலர் ஊர்ப் பெயரைப் போடுவார்கள், ஒருவர் புள்ளி மட்டும் வைத்தார். நான் எம்.ஏ. படித்தபோது எனக்கு வரவேண்டிய ஓர் ஆண்டுத் தொகை இப்படித்தான் போனது. மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்தாக இருந்த இனிஷியலை விண்ணப்பத்தில் விரித்து எழுதியிருந்தேன். சரிபார்ப்பில் நின்றுவிட்டது. கேட்கப் போனபோது கடைசித் தேதி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

ஆகவே முதல் வேலை, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றுவது. சான்றிதழை மாற்றுவதைவிட ஆதாரை மாற்றுவது எளிது.

அடுத்தது வங்கி. கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்துவிட்டால் இணைந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அது வேறு, அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக (டிபிடி), வங்கிகளுக்கிடையே பணம் போக வழிசெய்யும் என்பிசிஐ அமைப்பின் பதிவில் ஆதாரை இணைப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கை அதில் இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். அது நீங்கள் மறந்தேபோன பள்ளிக்காலக் கணக்காக இருக்கலாம். வங்கிக் கிளையில் "டிபிடிக்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா?" என்று இதே சொற்களில் கேளுங்கள்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ, வருவாய் ஆய்வாளர் மேசைகளைத் தாண்டி வர நாளாகும் என்பதால் கல்லூரி திறந்த வாரமே போட்டுவிடுங்கள். பிசி, எம்பிசி பிரிவினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம்மிடம் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் மத்திய அரசுத் திட்டங்களுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ், அதுவும் வசதிபடைத்த பிரிவில் இல்லை என்ற குறிப்புடன் தனியாக வாங்க வேண்டும். நெட் விண்ணப்பம் போடும் கடைசி வாரத்தில் தாலுகா அலுவலக வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதி இதற்காகத்தான்.

படி 2: பி.ஏ. படிக்கும்போதே வரவேண்டியதை வாங்குங்கள்

இந்தக் கட்டத்துத் திட்டங்களில் எதுவும் வரலாற்றுக்கென்று தனியாக இல்லை. எல்லோருக்கும் உள்ளதுதான், ஆனாலும் விடக்கூடாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பிசி, எம்பிசி மாணவர்களுக்கு அந்தந்தத் துறையின் உதவித்தொகை. இவற்றுக்கெல்லாம் இப்போது யூமிஸ் எண், அதாவது கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசின் இணையப் பதிவு எண், வேண்டும். கல்லூரியில் உங்கள் யூமிஸ் விவரங்களை யாரோ ஒருவர் அவசரத்தில் பதிவேற்றியிருப்பார். ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் பலரும் தவறவிடுவது மத்தியத் துறை உதவித்தொகை. அந்தந்தத் தேர்வு வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளங்கலையில் ஆண்டுக்கு 12,000, முதுகலையில் 20,000. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் தேவை. முதலாண்டு வாங்கிவிட்டு இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க மறந்தவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

எம்.ஏ. சேர்ந்ததும் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் முதுகலை தேசிய உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். மாதம் 15,000 வீதம் ஆண்டுக்குப் பத்து மாதம். நம் துறைக்கு இது பெரிய தொகை. இளங்கலை மதிப்பெண் அடிப்படையில்தான் தேர்வு என்பதால் பி.ஏ. மதிப்பெண்ணை அலட்சியம் செய்தவர்கள் இங்கேதான் வருந்துவார்கள்.

படி 3: சின்னப் பரிசுகளைச் சேருங்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். மாணவர்கள் அதிகம் ஒதுக்குவதும் இதைத்தான்.

பழைய பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் அறக்கட்டளைப் பரிசுகள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரோ, மறைந்த மகனின் நினைவாக ஒரு குடும்பமோ வைப்புநிதி போட்டு, 'இந்திய வரலாற்றுத் தாளில் முதல் மதிப்பெண்', 'கல்வெட்டியலில் முதலிடம்' என்று ஒரு பதக்கம் ஏற்படுத்தியிருப்பார்கள். தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். சில இடங்களில் ஐந்நூறு ரூபாய்கூட இருக்காது. ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் படிவத்தில் 'பெற்ற பரிசுகள்' என்ற கட்டத்தில் அதை எழுதும்போது தொகையை யாரும் கேட்பதில்லை. சில பரிசுகளுக்குக் கட்டுரையோ விண்ணப்பமோ தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். யாரும் கொடுக்காததால் பரிசு வழங்கப்படாமலே ஆண்டுகள் போவதும் உண்டு. துறைத் தலைவரிடமோ அலுவலகக் கண்காணிப்பாளரிடமோ "நம்ம துறையில் என்னென்ன என்டோமென்ட் பரிசு இருக்கு சார்?" என்று கேளுங்கள். பழைய கோப்பைத் தூசிதட்டி எடுப்பார்கள்.

அப்புறம் மாநாடுகள். இந்திய வரலாற்றுப் பேரவை 1935-ல் புணேயில் தொடங்கியது. பெரும்பாலும் டிசம்பர் கடைசியில் நாட்டின் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் கூடும். பண்டைய, இடைக்கால, நவீன இந்தியா, பிற நாடுகளின் வரலாறு, தொல்லியல் என்று பிரிவுகள் உண்டு. உறுப்பினராகி ஆய்வு மாணவரும் கட்டுரை படிக்கலாம். பிரிவுவாரியாகச் சிறந்த கட்டுரைகளுக்கு நினைவுப் பரிசுகள் உண்டு, தேர்வாகும் கட்டுரைகள் ஆண்டுத் தொகுப்பில் அச்சாகும். தென்னிந்திய வரலாற்றுப் பேரவையும் தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையும் இதே மாதிரி ஆண்டுதோறும் கூடுகின்றன. முதல் கட்டுரைக்குத் தமிழ்நாடு வரலாற்றுப் பேரவைதான் நல்ல இடம் என்பது என் கருத்து. ஊரும் பக்கம், தமிழிலும் படிக்கலாம், உங்கள் மாவட்டத்துக் கல்வெட்டைப் பற்றிப் பேசினால் அதை நேரில் பார்த்த யாராவது ஒருவர் அந்த அறையில் இருப்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'இளம் வரலாற்றாய்வாளர் சர்வதேச விருது, பதிவுக் கட்டணம் 3,500 ரூபாய், சால்வையும் கேடயமும் உண்டு' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். விருது பெறுபவர் பணம் கட்டினால் அது விருது இல்லை, வியாபாரம். மாநாட்டு உறுப்பினர் கட்டணம் வேறு, விருதுக்கு விலை வேறு. முதல் வகையைத் தயங்காமல் கட்டுங்கள், இரண்டாம் வகையை உங்கள் தன்விவரக் குறிப்பில் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் முகம் சுளிப்பார்.

படி 4: நெட், ஜேஆர்எஃப்

நெட் தேர்வை யூஜிசி சார்பில் தேசியத் தேர்வு முகமை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் பருவங்களில் நடத்துகிறது. எம்.ஏ. இறுதியாண்டிலேயே எழுதலாம். நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்களும் இப்போது எழுதலாம். ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30. ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், பெண்கள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு ஐந்தாண்டுத் தளர்வு. முதல் இரண்டாண்டு மாதம் 37,000, அதன்பின் 42,000. இதுபோக நகரத்தைப் பொறுத்து வாடகைப்படியும் ஆண்டுக்கு ஒரு சில்லறைச் செலவுத் தொகையும் உண்டு.

முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் வரலாறு, 100 கேள்வி, 200 மதிப்பெண். மொத்தம் மூன்று மணி நேரம், இடைவேளை கிடையாது, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் கிடையாது. எனவே ஒரு கேள்வியைக்கூட விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள்.

நம் மாணவர்கள் சறுக்கும் இடம் இரண்டு. ஒன்று, முதல் தாள். கற்பித்தல் திறன், தருக்கம், அட்டவணையைப் படித்துக் கணக்கிடுவது, கணினி அடிப்படை, சுற்றுச்சூழல் என்று கலந்துகட்டி வரும். "நான் வரலாறு படிச்சவன், கணக்கு எதுக்கு?" என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் தரவரிசை இரண்டு தாள்களின் கூட்டுத் தொகையில்தான் வருகிறது. வரலாற்றுத் தாளில் பத்து மதிப்பெண் கூட்டுவதற்குச் செலவாகும் உழைப்பில் பாதி போதும், முதல் தாளில் இருபது கூட்ட.

இன்னொன்று மொழி. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ்வழியில் படித்த மாணவர் பல்லவர் கால நில உரிமையை நம்மைவிட நன்றாக விளக்குவார். அதையே ஆங்கிலத்தில் 'பொருத்துக' கேள்வியாகக் கொடுத்தால் நின்றுவிடுவார். இதற்கு நான் கண்ட வழி, பாடத்தைத் தமிழிலேயே படித்துவிட்டு, ஒரு தனி நோட்டில் கலைச்சொல்லைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிரே எழுதிக்கொண்டு வருவது. இரண்டாண்டில் எண்ணூறு சொல் சேர்ந்த நோட்டு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கூடவே பத்தாண்டுப் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள். கால வரிசைப்படுத்துதல், கூற்றும் காரணமும், பொருத்துதல் ஆகிய மூன்று வடிவங்களும் திரும்பத் திரும்ப வரும். பாடத்திட்டத்தின் பத்தாம் அலகான வரலாற்று முறையியலும் வரலாற்று வரைவியலும் (வரலாறு எப்படி எழுதப்பட்டு வந்தது என்ற ஆய்வு) பலர் கடைசியில் தொட்டும் தொடாமலும் விடுவது. முதலில் அதை முடித்துவிடுங்கள், பிஎச்டி நேர்காணலுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டு செட் தேர்வு, அதாவது மாநிலத் தகுதித் தேர்வு, வேறு. அது உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும்தான் தரும், அதில் உதவித்தொகை இல்லை.

படி 5: ஜேஆர்எஃப் கிடைக்காவிட்டால்

கதவு மூடிவிடாது. பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்கள் ஜேஆர்எஃப் இல்லாமல்தான் பிஎச்டி முடிக்கிறார்கள்.

நமக்கென்றே உள்ள நிறுவனம் இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம். 1972-ல் தொடங்கியது, தலைமையகம் டெல்லி, தென்னகத்துக்குப் பெங்களூரில் மண்டல மையம். பிஎச்டியில் பதிவு செய்தவர்களுக்கு இரண்டாண்டுக்கு மாதம் 17,600 ரூபாயில் இளநிலை ஆய்வு உதவித்தொகை தருகிறது. இதைவிடக் குறைவாகவே பேசப்படுவது அதன் ஆய்வுப் பயண நல்கை. ஆவணக் காப்பகங்களுக்கும் நூலகங்களுக்கும் போய் வர, தங்க உதவும் சிறு தொகை. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உங்கள் கோப்புகள் இருந்தால் இதைக் கேட்டு வாங்குங்கள். சமூக வரலாறு சார்ந்த தலைப்பு என்றால் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் முனைவர் பட்ட உதவித்தொகையும் பொருந்தும்.

மாநிலத்தில் முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தில் மாதம் 25,000 ரூபாய். அரசு, அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் முழுநேரமாக ஆய்வு செய்பவர்களுக்கானது, ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தோடு இணைந்து இயங்கும் தமிழ்நாடு வரலாற்று ஆராய்ச்சி மன்றமும் சிலருக்கு ஆய்வு உதவித்தொகை தருகிறது. இடம் மிகக் குறைவு, விண்ணப்பிப்பவர்களும் குறைவு என்பதுதான் விஷயம்.

எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய ஆய்வு உதவித்தொகைகள் தனித்தனியே உள்ளன. வீட்டுக்கு ஒரே பெண் பிள்ளை என்றால் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெயரிலான யூஜிசி உதவித்தொகையைப் பாருங்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய இணையப் பக்கங்களில் இன்னும் அதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் மத்திய எஸ்சி உதவித்தொகைக்கு வரமாட்டார்கள். ஆனால் தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர பிஎச்டி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தரும் திட்டத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் 'நமக்கு எதுவும் இல்லை' என்று இருந்துவிட்ட மாணவர்கள் எத்தனையோ பேர்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத பிஎச்டி மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய் என்ற ஏற்பாடு பல ஆண்டாக அதே தொகையில் நிற்கிறது. புதுச்சேரியிலோ ஐதராபாத்திலோ விடுதியில் தங்கி ஆய்வு செய்ய அது ஓரளவு தாங்கும். சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த 8,000 எந்த மூலைக்கு?

கல்வெட்டிலும் அகழாய்விலும் ஆர்வம் உள்ளவர்கள் பிஎச்டிக்கு முன்பே தொல்லியல் பட்டயப் படிப்பை யோசிக்கலாம். தமிழ்நாடு தொல்லியல் துறை சென்னையிலும், இந்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவிலும் மாதாந்திர உதவித்தொகையோடு இரண்டாண்டுப் படிப்பு நடத்துகின்றன. படிக்கும்போதே களத்தில் கை அழுக்காகும்.

படி 6: ஆய்வுத் திட்டம் எழுதுவது

மேலே சொன்னவற்றில் பாதிக்கு நீங்கள் ஓர் ஆய்வுத் திட்டம் கொடுக்க வேண்டும். விண்ணப்பங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

என்னிடம் வரும் முதல் வரைவுகளில் பத்துக்கு எட்டு 'தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம்: ஓர் ஆய்வு' மாதிரி இருக்கும். 'ஓர் ஆய்வு' என்று முடியும் தலைப்பில் கேள்வியே இருப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டை எடுத்து அறுத்துப் பார்ப்போம். ஒரு மாணவி சேலத்துக்காரர், பஞ்சத்தைப் பற்றி எழுத நினைக்கிறார் என்று வையுங்கள். முதலில் 'பிரிட்டிஷ் காலத்தில் பஞ்சங்கள்' என்று எழுதுவார். இருநூறு ஆண்டு, முழு இந்தியா. சரி, சுருக்குவோம். 1876-78 பெரும் பஞ்சம், சென்னை மாகாணம். இன்னும் பெரிது. சேலம் மாவட்டம் மட்டும். இப்போது கேள்வி என்ன? 1877-ல் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரணப் பணியில் கல் உடைப்பவரின் கூலியை ஒரு பவுண்டு தானிய அளவை அடிப்படையாகக் கொண்டு குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். அந்தக் கூலிக் குறைப்பு சேலம் பணியிடங்களில் எப்படி நடைமுறைக்கு வந்தது, யாரை உள்ளே எடுத்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள்? இது கேள்வி. இதற்கு விடை தேடி ஒருவர் எங்கே போவார் என்பது உடனே தெரிகிறது. எழும்பூரில் வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகள், சேலம் மாவட்ட ஆவணங்கள், சுகாதார ஆணையர் அறிக்கைகள், 1880-ல் வந்த பஞ்ச ஆணைய அறிக்கை, அந்தக் கால மிஷனரி கடிதங்கள்.

தேர்வுக்குழு படிக்கும் முதல் இடம் சான்றுகள் பகுதிதான். 'முதன்மை ஆதாரங்களும் இரண்டாம் நிலை ஆதாரங்களும் பயன்படுத்தப்படும்' என்ற வரி வந்தால் அந்த மாணவர் இன்னும் காப்பகத்துக்குள் போகவில்லை என்று புரிந்துவிடும். எந்தக் காப்பகம், எந்தத் தொடர், எந்த ஆண்டுகள் என்று எழுதுங்கள். முடிந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே நான்கு நாள் எழும்பூரில் உட்காருங்கள். துறைத் தலைவரின் கடிதத்தோடு போனால் அனுமதி பெறலாம். பழந்தமிழ் அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். 'அட்டவணையில் பார்த்தேன், இந்த ஆண்டுகளுக்கு இத்தனை தொகுதிகள் இருக்கின்றன' என்ற ஒரு வரிக்குப் பத்துப் பக்கப் பின்னணி விளக்கம் ஈடாகாது.

அப்புறம் முன்னோர் எழுதியது. பதினைந்து நூல் பெயரை அடுக்குவதில் பயனில்லை. உங்கள் கேள்வியைத் தொட்டுச் சென்ற நான்கு பேரை எடுத்து, இவர் இதைச் சொன்னார், இவர் அதை மறுத்தார், நான் கேட்பதை இருவரும் கேட்கவில்லை என்று காட்டுங்கள். கால அட்டவணையில் நேர்மையாக இருங்கள். ஆறு மாதத்தில் களப்பணி, ஆறு மாதத்தில் எழுத்து என்று எழுதினால் ஆய்வு செய்து பழகியவர்கள் சிரிப்பார்கள்.

தமிழில் யோசிப்பவர் தமிழிலேயே முதல் வரைவை எழுதி, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டு போகட்டும். ஏஐ கருவியிடம் கொடுத்து மொழியைத் திருத்திக்கொள்வது நடக்கிறது. ஆனால் இல்லாத நூலையும் இல்லாத கோப்பு எண்ணையும் அது சேர்த்துவிடும். வரலாற்றுத் துறையில் பொய்ச் சான்று ஒன்று பிடிபட்டால் அதோடு கதை முடிந்தது.

படி 7: பரிந்துரைக் கடிதம்

"நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லும் பேராசிரியர்கள் நம்மிடம் அதிகம். உள்ளூர்ப் படிவங்களுக்கு அது ஓடிவிடும். வெளிநாட்டு விண்ணப்பங்களில் கடிதம் பேராசிரியரின் மின்னஞ்சலிலிருந்து நேராகப் போக வேண்டும், பொதுவான புகழ்ச்சி எடுபடாது. ஒரு மாதம் முன்பே போய்க் கேளுங்கள். போகும்போது ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவர் வகுப்பில் நீங்கள் எழுதிய கட்டுரை எது, அதில் அவர் சொன்ன கருத்து என்ன, எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், கடைசித் தேதி என்ன. அவருக்கு வேலை எளிதாகும், கடிதத்திலும் சதை இருக்கும். ஒரு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல். "சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று தொடங்கினால் யாரும் கோபப்படமாட்டார்கள்.

படி 8: வெளிநாடு

எல்லாவற்றையும் சொல்ல இடம் போதாது. வரலாற்று மாணவருக்கு உண்மையில் பொருந்துபவை மட்டும்.

ஃபெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்போர்டு, லண்டன் சோவாஸ், ரெடிங் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்கு. முதல் வகுப்புப் பட்டம், பணத் தேவை, இதற்கு முன் வெளிநாட்டில் பட்டம் படிக்காதவர் என்பவை அடிப்படை. தெற்காசிய வரலாறு படிக்க சோவாஸ் நல்ல இடம் என்பதால் நம் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். இன்லாக்ஸ் சிவதாசானி அறக்கட்டளை 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் வரை தருகிறது, முதலில் பல்கலைக்கழக அனுமதி கையில் இருக்க வேண்டும். காமன்வெல்த் உதவித்தொகைகள் பிரிட்டனில் முதுகலைக்கும் பிஎச்டிக்கும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு, ஆனால் இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்கும், படித்து முடித்ததும் நாடு திரும்ப வேண்டும். இந்தியாவில் பிஎச்டி பதிவு செய்தவர் அமெரிக்கக் காப்பகங்களில் சில மாதம் வேலைசெய்ய ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை.

இதில் ஒரு முள் இருக்கிறது. ஏழை எஸ்சி மாணவர்கள் வெளிநாடு போக மத்திய அரசு நடத்தும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளை 2022-ல் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு அந்த உதவித்தொகை கிடையாது என்று அப்போது சேர்த்தார்கள். அதாவது தீண்டாமையின் வரலாற்றை ஆராய விரும்பும் ஒரு தலித் மாணவி அந்தப் பணத்தில் லண்டன் போக முடியாது. இந்தியா தொடர்பான ஆவணங்களை இந்தியாவிலேயே ஆராயலாமே என்று அரசுத் தரப்பில் காரணம் சொன்னார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபிஸ் ஆவணங்கள், அதாவது இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அலுவலகத்தின் கோப்புகள், லண்டனில் இருக்கின்றன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே தலைப்பைத் தேர்ந்து, அனுமதியும் வாங்கி, பிறகு விதியைப் பார்த்து நொந்துபோகாதீர்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு உண்டு, முதலில் அதன் விதிகளைப் படியுங்கள்.

வெளிநாட்டு விண்ணப்பத்துக்குக் குறைந்தது பதினான்கு மாதம் வேண்டும். அடுத்த ஆண்டு செப்டம்பரில் வகுப்பில் உட்கார வேண்டும் என்றால் இந்த ஆண்டு ஜூலையில் பாஸ்போர்ட்டும் ஆங்கிலத் தேர்வும் முடிந்திருக்க வேண்டும். செவனிங், ஆக்ஸ்போர்டு, காமன்வெல்த் என்று அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேதிகள் விழும்.

படி 9: நேர்காணல், அதன் பிறகு

நேர்காணலில் 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?' என்று நிச்சயம் கேட்பார்கள். தேசபக்திப் பேச்சு வேண்டாம். உங்கள் கேள்விக்கு விடை கிடைத்தால் இப்போது பாடப்புத்தகத்தில் உள்ள எந்த வரி மாறும் என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

கிடைத்துவிட்டது என்று வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வு உதவித்தொகை வாங்கக்கூடாது, பின்னால் கண்டுபிடித்தால் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்பார்கள். ஜேஆர்எஃப் கடிதம் வந்ததும் அதன் செல்லுபடிக் காலத்துக்குள், அதாவது மூன்றாண்டுக்குள், பிஎச்டி சேர வேண்டும். மாதாமாதம் உங்கள் பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதிப்படுத்தினால்தான் தொகை நகரும். அந்த வேலையைச் செய்யும் அலுவலக ஊழியரின் பெயரையும் விடுப்பு நாளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பணம் ஒன்றாம் தேதி வராது, சில சமயம் நான்கைந்து மாதம் சேர்ந்து வரும். முதல் முறை மொத்தமாக வரும்போது பைக் வாங்கிவிடாமல் மூன்று மாதச் செலவை ஒதுக்கிவையுங்கள்.

சில்லறைச் செலவுத் தொகைக்கு ரசீது கேட்பார்கள். ஜெராக்ஸ் கடை, புத்தகக் கடை, எழும்பூருக்குப் போய் வந்த ரயில் டிக்கெட், தங்கிய விடுதி, எதையும் தூக்கிப் போடாதீர்கள். கடைகளில் மெஷினில் அடித்துத் தரும் ரசீதில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கி வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதை ஒரு நகல் எடுத்து, பின்னால் தேதியை எழுதி, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.